சரிபார்த்தவர்: அ. கோமதிநாயகம்

ஜூலை 13, திங்கள்

இந்த நோட்டை எனக்குக் கொடுத்தது ஷெரின் என்கிற பெண் ஓவியர். நாகர்கோவில்காரி. பரோடாவில் படித்துவிட்டுச் சென்னையில் இருக்கிறாள். ஓவியர் என்று சொல்கிறாளே தவிர, அவள் கையில் தூரிகையை நான் பார்த்ததில்லை. ஒரு மாதமாகக் கோவில்பட்டியில் லாட்ஜில் தங்கி எங்கள் சென்டரையே சுற்றிச் சுற்றி வருகிறாள். கம்ப்யூட்டருக்கு அறிவு எங்கிருந்து வருகிறது, அதற்குப் பின்னால் முதுகு ஒடிய உட்கார்ந்திருப்பது யார் என்று ஊருக்குக் காட்டப்போகிறாளாம். அதற்கு ஒரு கண்காட்சி. அதில் கண்ணாடிப் பெட்டிக்குள் இந்த நோட்டும் இருக்கும். தினமும் எழுதுங்க சார், எதையும் மறைக்காதீங்க என்றாள். மறைக்க என்னிடம் என்ன இருக்கிறது?

நான் இருபத்திரண்டு வருடம் அச்சகத்தில் பிழை திருத்துபவனாக இருந்தேன். அச்சகத்தை மூடிய பிறகு, ஐந்து வருடமாக இரும்புக் கடை மாடியில் இருக்கும் இந்த சென்டரில் வேலை. வேலை இதுதான்: எங்கெங்கோ ஓடும் கார்களின் கேமரா எடுத்த தெருப் படங்கள் எங்களுக்கு வரும். நாற்பது பேர், பெரும்பாலும் பெண்கள், படத்தில் இருக்கிற ஒவ்வொன்றையும் சுற்றிக் கட்டம் போட்டு, இது ஆள், இது பைக், இது மாடு என்று பெயர் வைப்பார்கள். இப்படி லட்சக்கணக்கில் காட்டினால் டிரைவர் இல்லாத கார் தானாகவே அடையாளம் கண்டுகொள்ளுமாம். அவர்கள் போட்ட கட்டங்களைச் சரிபார்க்கிறவன் நான். என் எண் க்யூ 17. என் துல்லியம் 99.2 சதவீதம். சென்டரில் வேறு யாருக்கும் இது கிடையாது. எழுதச் சொன்னதால் எழுதுகிறேன், பெருமைக்கு அல்ல.

என் மனைவி வடிவு இதைப் படித்துவிட்டு, "பெருமைக்கு இல்லையாக்கும்" என்று சொல்லிவிட்டுக் குழம்பைக் கிளறப் போனாள்.

ஜூலை 14, செவ்வாய்

படங்கள் 1,140. திருப்பி அனுப்பியவை 61. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், படுத்திருந்த எருமைக்கு வேகத்தடை என்று பெயர் வைத்திருந்தாள். கூப்பிட்டுக் கேட்டால், கறுப்பா மேடா இருந்துச்சு சார் என்கிறாள். எருமை கேட்டிருந்தால் என்ன நினைத்திருக்கும்!

கண்ணுக்குச் சொட்டு மருந்து, மூன்று வேளை.

ஜூலை 15, புதன்

காலையிலிருந்து கரண்ட் இல்லை. கார்கள் இன்று ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை.

ஜூலை 17, வெள்ளி

ஆடி பிறந்துவிட்டது. கண்காட்சிக்கு இடம் கிடைக்கவில்லை என்று ஷெரின் அழாத குறை. நான்தான் வழி சொன்னேன். ஆடி மாதத்தில் கல்யாண மண்டபங்கள் எல்லாம் ஈ ஓட்டிக்கொண்டு கிடக்கும். தங்கப்பழம் அண்ணாச்சியின் மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடம் நல்ல நீளம், நல்ல உயரம். அவர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகளை எல்லாம் பிழை பார்த்துக் கொடுத்தவன் நான், அந்தப் பழக்கத்தில் போய்க் கேட்டேன். உடனே சரி என்றார். ஒரே ஒரு நிபந்தனை. "மங்களமான இடம் வே. அவலட்சணமா எதுவும் மாட்டப்படாது."

ஆகஸ்ட் 8, 9 இரண்டு நாள்.

ஜூலை 19, ஞாயிறு

ஷெரின் வீட்டுக்கு வந்து விளக்கினாள். எங்கள் படங்களில் ஒரு பகுதியை, ஆராய்ச்சி செய்கிறவர்களுக்காக நிறுவனமே இணையத்தில் இலவசமாக விட்டிருக்கிறதாம். அதிலிருந்து பதினெட்டுப் படங்களை எடுத்து, பன்னிரண்டு அடி உயரத்துக்குத் துணியில் அச்சடித்துத் தொங்கவிடப் போகிறாள். நாங்கள் உள்ளங்கை அளவில் நாலு விநாடி பார்க்கிற படத்தை, ஜனங்கள் யானை அளவில் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டுமாம். கீழே அந்தப் படத்தில் உள்ளவற்றின் பெயர்களும் சரிபார்த்தவர் எண்ணும் இருக்கும்.

"எண் எதுக்கும்மா, நாங்க என்ன ஜெயில்லயா இருக்கோம்? பேரைப் போடுங்க" என்றேன். அவளுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. நீங்களே சொன்னது ரொம்ப நல்லதாப் போச்சு சார் என்று என் முழுப் பெயரைக் குறித்துக்கொண்டாள். பதினெட்டில் ஏழு படம் க்யூ 17.

இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ புத்தகம் என் கையால் திருந்திப் போயிருக்கிறது. ஒன்றில்கூட என் பெயர் வந்ததில்லை.

ஜூலை 21, செவ்வாய்

வேலையை விட்டுப் போனவர்களையும் கண்காட்சிக்குக் கூப்பிட வேண்டும், பெயர் கொடுங்கள் என்று ஷெரின் கேட்டாள். நாலு பேர் கொடுத்தேன்.

வீட்டில் சொன்னபோது வடிவு, "இசக்கியம்மாள சொன்னீங்களா?" என்றாள். மறந்துவிட்டது என்றேன். "மறக்குமா? வேலை போன அன்னைக்கு நம்ம வீட்டுக்குத்தானே வந்து அழுதா" என்றாள். வந்திருக்கலாம். நான் அப்போது குளித்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 23, வியாழன்

இசக்கியம்மாள் விஷயம் இங்கே வந்துவிட்டதால் ஒழுங்காக எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் படிக்கிறவர்கள் வேறு மாதிரி நினைப்பார்கள்.

முப்பது வயதுப் பெண். கணவன் லாரியில் லோடுமேன். கை வேகம், கண் கூர்மை, வாயும் கூர்மை. போன நவம்பரில் ஒரு தொகுதி வந்தது. ஒரே தெரு, விடியற்காலை, கார் மெதுவாகப் போயிருக்கிறது. அதனால் அறுபது படத்திலும் ஒரே காட்சி. ஷட்டர் போட்ட கடை ஓரம், வெள்ளைத் துணியில் சுற்றிய ஒரு மூட்டை. அவள் அறுபதிலும் அதற்குக் கட்டம் போட்டு ஆள் என்று பெயர் வைத்தாள். நான் அறுபதையும் தப்பு என்று அடித்தேன். எங்கள் விதிப் புத்தகம் தெளிவாகச் சொல்கிறது: உடம்பின் எந்தப் பாகமும் கண்ணுக்குத் தெரியாவிட்டால் ஆள் என்று போடக்கூடாது. அவள் என் மேஜைக்கு வந்து ஏதோ சொன்னாள். திருத்தச் சொல்லி அனுப்பினேன். மறுபடியும் அறுபதிலும் ஆள் என்றே போட்டு அனுப்பினாள்! மறுபடியும் அடித்தேன். நூற்றிருபது தப்பு விழுந்தால் மதிப்பெண் என்னவாகும்? சாயங்காலம் அவளுடைய லாகின் தானாக நின்றுவிட்டது. நான் நிறுத்தவில்லை. சிஸ்டம் நிறுத்தியது.

விதி விதிதான். நான் செய்தது சரி.

ஜூலை 24, வெள்ளி

சொட்டு மருந்து தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும்.

ஜூலை 29, புதன்

துணிப் படங்கள் வந்து இறங்கின. சாப்பாட்டுக் கூடத்துத் தரையில் விரித்துப் பார்த்தோம். அச்சு அருமை. நாலாவதாக விரித்தது அந்தத் தெருப் படம். ஷட்டர் போட்ட கடை, விடியற்காலை. கீழே, பொருள்: மூட்டை. சரிபார்த்தவர்: அ. கோமதிநாயகம்.

தலைவலி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஜூலை 30, வியாழன்

கொஞ்சம் சீக்கிரமே மண்டபத்துக்குப் போனேன். ஷெரின் இன்னும் வந்திருக்கவில்லை. காவலாளி திறந்துவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டுத் துணியின் மேல் முட்டி போட்டு அமர்ந்து பார்த்தேன்.

வெள்ளைத் துணி ஒரு வேட்டி. கரை தெரிகிறது. ஒரு முனையில் மேடு, அதற்கு அடியில் நீல நிறமாக இரண்டு விளிம்புகள். செருப்பு. ஜோடியாக வைத்து அதன்மேல் தலையை வைத்திருக்கிறார். மறு முனையில் வேட்டி கொஞ்சம் விலகி, ஒரு குதிகால். வெடிப்பு விழுந்த குதிகால். நான் முட்டி போட்ட இடத்திலிருந்து ஒரு சாண் தூரம்.

உள்ளங்கை அளவுப் படத்தில் இது யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியவில்லை.

அவளுக்குத் தெரிந்தது.

ஆகஸ்ட் 1, சனி

படங்கள் 1,020. திருப்பி அனுப்பியவை 9. மானேஜர் உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

ஆகஸ்ட் 3, திங்கள்

ஆடிப்பெருக்கு. வடிவு எலுமிச்சை சாதமும் தேங்காய் சாதமும் செய்திருந்தாள். சாப்பிட்டுவிட்டு மண்டபத்துக்குப் போனால் அங்கே பெரிய சண்டை. தங்கப்பழம் அண்ணாச்சி வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்தப் படத்தின் முன் நிற்கிறார்.

"என்ன வே கோமதிநாயகம், ஆவணி பொறந்தா மாலை மாத்துத இடத்துல பொணத்தத் தொங்கவிட்டிருக்கீரு?"

ஷெரின் அது பிணம் இல்லை என்றாள். கீழே மூட்டை என்று எழுதியிருப்பதையும் காட்டினாள். வெள்ளைத் துணி மூடி நீளமாக என்ன கிடந்தாலும் பார்க்கிறவனுக்கு ஒன்றுதான் தோன்றும் என்றார் அண்ணாச்சி. இந்தப் படத்தை எடுத்தால் கூடம், எடுக்காவிட்டால் பூட்டு. ஷெரின் என் பக்கம் திரும்பி, நீங்க சொன்னா கேப்பாரு சார், சொல்லுங்க என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

நான் அண்ணாச்சி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்றேன்.

படத்தைச் சுருட்டிப் பாத்திர அறையில் அண்டாக்களுக்கு நடுவே வைத்துவிட்டார்கள். பதினேழு படமே போதும். எல்லாம் நல்லதற்குத்தான். இன்று நன்றாகத் தூங்குவேன்.

ஆகஸ்ட் 4, செவ்வாய்

தூங்கவில்லை.

ஆதார் அட்டையை ஜெராக்ஸ் எடுக்க வேண்டியிருந்தது. நம் தெருவிலேயே கடை இருக்கிறது. நான் தாலுகா ஆபீஸ் எதிரில் இருக்கிற கடைக்குப் போனேன். இசக்கியம்மாள் இப்போது அங்கே வேலை பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

என்னைப் பார்த்ததும் முகம் சுளிப்பாள் என்று நினைத்தேன். "வாங்க சார், கண்ணு எப்படி இருக்கு?" என்றாள். வடிவைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். இந்த வேலையில் நாள் முழுக்க நிற்க வேண்டியிருப்பதால் கால் வீங்குகிறதாம். சென்டர் வேலையை நினைத்தால் இன்னும் ஏக்கமாக இருக்கிறது என்றாள். ரோட்டில் போகும்போதுகூட, ஆள், வண்டி, மாடு என்று மனசு தானாகப் பெயர் வைத்துக்கொண்டே வருகிறதாம். ஏதோ கண்காட்சி என்று கேள்விப்பட்டாளாம். எங்களை எல்லாம் கூப்பிடுவார்களா சார் என்று கேட்டாள். நான் அட்டையைத் திருப்பிப் போட்டு எடுக்கச் சொன்னேன்.

கிளம்பும்போது கேட்டுவிட்டேன். அன்னைக்கு அது ஆளுன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சது?

அவள் ஜெராக்ஸ் மெஷினின் மூடியை மூடினாள்.

"அன்னைக்கே சொன்னேனே சார். தலைக்கு செருப்பு வச்சிருந்தாங்க. எங்க வீட்டுக்காரரு லோடு ஏத்திட்டு வெளியூர்ல ரோட்டோரம் படுத்தா இப்படித்தான் படுப்பாவ. கொசுவுக்கு வேட்டியால தலையோட மூடிக்கிடுவாவ, செருப்ப எவனும் தூக்கிட்டுப் போயிரக்கூடாதுன்னு தலைக்கு வச்சிக்கிடுவாவ. மூட்டைக்கு யாரு சார் தலைக்கு வைப்பா?"

ரெண்டாவது தடவை சொன்ன பிறகும் ஏன் மாற்றவில்லை, மாற்றியிருந்தால் வேலை தங்கியிருக்குமே என்றேன்.

"நான் மூட்டைன்னு போட்டா காரு ஏத்திரும்லா சார்" என்றாள்.

ஆகஸ்ட் 5, புதன்

ஜூலை 21-ல் நான் குளித்துக்கொண்டிருந்தேன் என்று எழுதியிருக்கிறேன். குளிக்கவில்லை. அவள் குரல் கேட்டதும் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு, குழாயைத் திறந்துவிட்டு, கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்திருந்தேன். அவள் போகிற வரைக்கும். வடிவுக்குத் தெரியும். தலை நனையாமல் வெளியே வந்தவனை அவள் ஒன்றும் கேட்கவில்லை.

எட்டு மாதமாகக் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 6, வியாழன்

காலையில் தங்கப்பழம் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அந்தப் படம் பிணம் இல்லை, தூங்குகிற ஆள் என்றேன். அப்படியென்றால் கீழே ஏன் மூட்டை என்று போட்டிருக்கிறது என்று கேட்டார்.

"நான் தப்பாப் பாத்தேன் அண்ணாச்சி. ஒரு பொண்ணு சரியாச் சொன்னா. நான் கேக்கல. அவளுக்கு வேலையும் போச்சு."

இதை முதல்முதலாக அவரிடம் சொல்லுவேன் என்று நான் நினைக்கவில்லை. வடிவிடம் சொல்லியிருக்க வேண்டும். அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார். என் பத்திரிகையில எத்தனை தப்பக் கண்டுபிடிச்சு என்னைய வாங்கு வாங்குன்னு வாங்கியிருப்பீரு என்றார்.  செருப்பு, குதிகால் எல்லாவற்றையும் சொன்னேன். மனுஷன் உயிரோட தூங்குதான்னா அது என்ன அவலட்சணம், மாட்டிக்கிடுங்க, ஆனா மூட்டைங்கிறத எடுத்துருங்க என்றார். காபி கொடுத்துத்தான் அனுப்பினார்.

ஷெரினிடம் இசக்கியம்மாளின் பெயரையும் கடை முகவரியையும் கொடுத்தேன். ஐந்தாவது பெயர். அவள் குறித்துக்கொண்டாள். கீழே உள்ள எழுத்தை மாற்றி அச்சடித்து ஒட்டட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், அப்படியே இருக்கட்டும், அன்றைக்கு நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 7, வெள்ளி

மானேஜரைப் பார்த்தேன். கையெழுத்துப் போட்ட கடிதம் கொடுத்தேன்: நவம்பர் தொகுதியில் அறுபது படங்களில் தவறு என்னுடையது, இசக்கியம்மாளுடையது அல்ல, அவரைத் திரும்ப எடுக்க வேண்டும்.

நல்ல மனிதர். பொறுமையாகப் படித்தார். எட்டு மாதத்துக்கு முந்தைய தொகுதியைத் திறக்கவே முடியாதாம். அது நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்து, காருக்குக் கற்றுக்கொடுத்தும் முடிந்துவிட்டதாம். அறுபது படத்திலும் அந்தத் தூங்குகிற மனிதர் மூட்டைதான். எந்த ஊர்க்காரரோ, இன்றைக்கு எந்தத் தெருவில் படுத்திருக்கிறாரோ. 

இசக்கியம்மாள் வேண்டுமானால் செப்டம்பரில் புதிதாகப் பரீட்சை எழுதட்டும், கடிதத்தை அதோடு வைக்கிறேன் என்றார். இந்தக் கடிதத்தால் உங்க 99.2 இறங்கும், தெரியுமில்லையா என்றும் கேட்டார். தெரியும் என்றேன். வீட்டுக்கு வந்து வடிவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "இதுக்கு எட்டு மாசமா?" என்றாள். அப்புறம் தட்டு வைத்தாள்.

ஆகஸ்ட் 8, சனி

கண்காட்சி. கூட்டம் எதிர்பார்த்ததைவிட அதிகம். மண்டபத்தில் ஆள் நடமாட்டத்தைப் பார்த்துவிட்டு, யார் வீட்டு விசேஷம் என்று கேட்டுக்கொண்டு வந்தவர்களே பாதிப் பேர். சாப்பாட்டுக் கூடத்துக்குள் வந்து பந்தி இல்லை என்று தெரிந்ததும் ஒரு பெரியவருக்கு ஏமாற்றம். சென்டர் பெண்கள் நல்ல சேலை கட்டி வந்திருந்தார்கள். அவரவர் கட்டம் போட்ட தெருக்களின் முன் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். வேகத்தடைப் பெண் தன் எருமையைத் தேடினாள். அது வரவில்லை. கண்ணாடிப் பெட்டி காலியாக இருந்தது. நோட்டு இன்னும் என்னிடம்தானே இருக்கிறது.

பதினொரு மணிக்கு இசக்கியம்மாள் வந்தாள். கூட அவள் கணவர், சுடலைமுத்து. நல்ல உயரம், வேலைக்குப் போகிற சட்டையிலேயே வந்திருந்தார். நான் அவர்களை அந்தப் படத்துக்கு அழைத்துப் போனேன்.  உண்மையைச் சொன்னால் வாளி மேல் உட்கார்ந்திருந்ததே எளிது.

அவள் பார்த்தாள். பன்னிரண்டு அடி உயரத்தில் கடை, ஷட்டர், தெரு. அடியில், கைக்கு எட்டுகிற உயரத்தில், அந்த மனிதர். கீழே எழுதியிருந்ததையும் படித்தாள். என் பெயரையும் படித்தாள்.  சுடலைமுத்துதான் குனிந்து உற்றுப் பார்த்தார்.

"இடது செருப்புல வாரு அந்துருக்கு. ஊக்கு குத்தியிருக்கான்" என்றார்.

பிறகு பார்த்தேன். ஆமாம், ஊக்கு. முட்டி போட்டுப் பார்த்தும் நான் காணாதது.

சட்டைப் பையில் சிவப்புப் பேனா கொண்டு போயிருந்தேன். அச்சகத்தில் கடைசி நாள் எடுத்து வந்தது. ஷெரினைப் பார்த்தேன். தலையை ஆட்டினாள். மூட்டை என்பதன் குறுக்கே கோடு போட்டு, அச்சுப்படியில் எப்போதும் செய்வதுபோல ஓரத்தில் இழுத்து, ஆள் என்று எழுதினேன். எழுத்து கோணல். அப்புறம் திரும்பி, "தப்பு என்னோடதும்மா. அன்னைக்கு நீ வீட்டுக்கு வந்தப்ப நான் உள்ளதான் ஒளிஞ்சிருந்தேன். மன்னிச்சிரு" என்றேன். நாலு பேர் கேட்கத்தான் சொன்னேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தெரியும் சார். குழாய் சத்தம் அவ்வளவு நேரமா கேக்கும்?" என்றாள். வடிவு பக்கத்தில் நின்று சிரித்துவிட்டாள்.

செப்டம்பர் பரீட்சையைப் பற்றிச் சொன்னேன். யோசித்தாள். "எழுதுதேன் சார். ஆனா இனிமே என் படத்த அடிக்கதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்."

கேட்கிறேன் என்றேன்.

அவள் கையை நீட்டினாள். பேனாவைக் கொடுத்தேன். அவள் துணியின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தூங்குகிறவரைச் சுற்றிக் கட்டம் போட்டாள். செருப்பிலிருந்து தொடங்கி, முதுகு ஓரமாக, குதிகால் வரை போய், மடங்கிய முழங்கால் ஓரமாகத் திரும்பி வந்தாள். கோல் வைக்காமல், நிறுத்தாமல். எழுந்து நின்று, "பாருங்க சார்" என்றாள்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தேன். நாலு பக்கமும் பார்த்தேன். இடைவெளி அதிகம் இல்லை, எதுவும் வெட்டுப்படவும் இல்லை. குதிகால் உள்ளே இருக்கிறது. இரண்டு செருப்பும் உள்ளே இருக்கின்றன.

சரி என்று குறி போட்டு, ஓரத்தில் கையெழுத்து வைத்தேன்.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

காலையில் ஷெரினிடம் இந்த நோட்டைக் கொடுக்கப் போகிறேன். ஜூலை 23-ஆம் தேதிப் பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று வடிவைக் கேட்டேன். "இருக்கட்டும்" என்றாள்.

இருக்கிறது.